மில் ஓடும்போதே ஸ்டோரேஜ் அப்கிரேட்: அலர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஸ்பின்னிங் மில்லிலோ பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியிலோ ஐடி வேலை பார்க்கிறவர்களுக்கு டவுன்டைம், அதாவது சிஸ்டத்தை நிறுத்திவைக்க நேரம், கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மில்லில் மூன்று ஷிஃப்ட். எக்ஸ்போர்ட்டில் ஷிப்மென்ட் தேதி, தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பும் வரை யாரும் பக்கத்தில் விடமாட்டார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. நடுவில் ஈபி பராமரிப்பு என்று ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மாதத்தில் ஒரு நாளும் மிஞ்சாது, அதனால்தான் பல இடங்களில் எல்லா சர்வர்களின் டேட்டாவும் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி, வாங்கிய அன்று என்ன வெர்ஷனோ அதே வெர்ஷனில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படி விட்டுவைப்பது நல்லதல்ல. கண்டுபிடித்துச் சரிசெய்த பாதுகாப்பு ஓட்டையும் பக்கும் உங்கள் பெட்டியில் மட்டும் திறந்தே கிடக்கும், வெர்ஷனுக்கு சப்போர்ட் முடிந்தபின் ஒரு நாள் பிரச்சினை வந்து போன் போட்டால் "முதலில் அப்கிரேட் பண்ணுங்கள்" என்பார்கள். அதை அந்த நேரத்தில், அந்தப் பதற்றத்தில் செய்ய வேண்டி வரும்.

இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் கணினிகள்) உள்ள ஸ்டோரேஜை நிறுத்தாமலே அப்கிரேட் செய்யலாம், அதற்காகத்தான் இரண்டாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் தினமும் புழங்குவது நெட்ஆப் கம்பெனிப் பெட்டிகளில் ஓடும் ஓன்டாப் சாஃப்ட்வேர் என்பதால் கட்டளைகளை அதை வைத்துச் சொல்கிறேன். உங்களிடம் வேறு கம்பெனிப் பெட்டி இருந்தால் கட்டளை மாறும், முறை பெரும்பாலும் இதுதான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்கிரேட் நிற்காமல் முடியுமா என்பது அந்த ராத்திரி தீர்மானமாவதில்லை. அதற்கு முந்தைய ஒரு மாதம் வந்த அலர்ட்டை நீங்கள் படித்தீர்களா, படித்ததை முடித்தீர்களா என்பதில்தான் பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அப்கிரேட்டையும் அலர்ட்டையும் இரண்டு வேலையாக நான் பார்ப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

இரண்டு மோட்டார் போட்ட கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டாரைக் கழற்றி காயில் கட்ட அனுப்பினாலும் மற்றது தோப்புக்குத் தண்ணீர் விடும். ஆனால் இரண்டுமே ஏற்கெனவே நாள் முழுக்க ஓடித்தான் தோப்பு நனைகிறது என்றால், ஒன்று போன அன்றே கடைசி வரிசைத் தென்னை காயும். ஸ்டோரேஜிலும் இதே கணக்கு. அப்கிரேட் நேரத்தில் ஒரு கன்ட்ரோலரின் டிஸ்க்கையும் ஐபி முகவரிகளையும் மற்றது எடுத்துக்கொள்ளும், இதுதான் டேக்ஓவர். முதலாவது புது சாஃப்ட்வேரோடு பூட் ஆகி எழுந்தபின் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், இது கிவ்பேக். அப்புறம் அதே வேலை மறுபக்கம். இரண்டு பேருடைய வேலையையும் ஒருவர் சுமக்கும் அந்த நேரத்துக்காகத்தான் ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் சிபியூ, டிஸ்க் இரண்டின் வேலைப்பளுவும் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும் என்று நெட்ஆப் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

எழுதிக்கொண்டிருந்த டேட்டா என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சர்வர் எழுதச் சொல்லி அனுப்பும் ஒவ்வொன்றும் முதலில் பேட்டரி காக்கும் என்விராம் என்ற நினைவகத்தில் பதிவாகும், அந்தப் பதிவின் நகல் அடுத்த கன்ட்ரோலரின் என்விராமிலும் போய் உட்கார்ந்தபிறகுதான் "எழுதியாச்சு" என்று சர்வருக்குப் பதில் போகும். அதனால் ஒன்று கீழே போனாலும் மற்றவரிடம் நகல் இருக்கிறது. இந்த நகல் போகும் இணைப்பு அறுந்திருந்தாலோ என்விராம் பேட்டரி பலவீனமாக இருந்தாலோ இந்தப் பாதுகாப்பு இல்லை. இவை இரண்டுக்கும் பெட்டி முன்கூட்டியே அலர்ட் அனுப்பும். படித்தால் தெரியும்.

முதல் வேலை: அலர்ட் பட்டியலைக் காலி செய்வது

தேதி குறிப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் உட்கார்ந்து "சிஸ்டம் ஹெல்த் அலர்ட் ஷோ" கொடுங்கள். அப்புறம் "ஈவென்ட் லாக் ஷோ" கொடுத்து எமர்ஜென்சி, அலர்ட், எரர் என்ற மூன்று மட்டத்தில் உள்ளதை மட்டும் எடுங்கள். நோட்டீஸ், இன்ஃபர்மேஷனல் எல்லாம் இப்போது வேண்டாம். வந்ததை ஒவ்வொன்றாகப் படித்து, பக்கத்தில் யார் பெயர், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். பெட்டியோடு நிற்காதீர்கள். ஸ்விட்ச் அனுப்பிய மெயில், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரின் எச்சரிக்கை, யூபிஎஸ் மெயில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் எனக்கே நடந்தது. சில வருடம் முன்பு ஒரு மில்லில், ஸ்டோரேஜ் பக்கம் எல்லாம் பச்சை. செக் எல்லாம் பாஸ். ராத்திரி முதல் டேக்ஓவர் நடந்தது, பஞ்சு குடோன் எடைமேடையின் சர்வர் மட்டும் டிஸ்க்கை இழந்து நின்றுவிட்டது. பார்த்தால் அந்த சர்வருக்கு ஐஸ்கசி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை அடையும் முறை) போர்ட் இரண்டு, ஸ்விட்ச் இரண்டு, ஆனால் கேபிள் போட்ட அன்று முதல் ஸ்விட்சில் முதல் கன்ட்ரோலரை மட்டும், இரண்டாவது ஸ்விட்சில் இரண்டாவது கன்ட்ரோலரை மட்டும் சொருகியிருக்கிறோம். சர்வரின் இரண்டாவது போர்ட் செத்து 19 நாள் ஆகியிருந்தது. ஸ்விட்ச் "போர்ட் டவுன்" என்று அன்றைக்கே மெயில் அனுப்பியிருக்கிறது. அது 400 படிக்காத மெயிலுக்கு நடுவே கிடந்தது. ஒரே ஒரு பாதையில் ஓடிக்கொண்டிருந்த சர்வருக்கு அந்தப் பாதையையும் நாங்கள் எடுத்துவிட்டோம். டேட்டாபேஸ் மீண்டும் எழ 40 நிமிடம் ஆனது, வெளியே பஞ்சு லாரிகள் வரிசையில் நின்றன, டிரைவர்கள் இறங்கி வந்து கேட்டார்கள். அன்றிலிருந்து படிக்காத அலர்ட்டோடு நான் எந்த அப்கிரேட்டையும் தொடங்குவதில்லை.

அந்த ஒரு சம்பவத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் கேபிள் போகவேண்டும், அப்போதுதான் ஒரு பக்கம் செத்தாலும் இன்னொரு பக்கம் இரண்டு கன்ட்ரோலரையும் பார்க்கும். இரண்டாவது, ஸ்டோரேஜின் செக் ஸ்டோரேஜைத்தான் பார்க்கும், உங்கள் சர்வர் எத்தனை பாதையில் நிற்கிறது என்று நீங்கள்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

சர்வர் சர்வராகப் போய்ப் பார்ப்பது

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். சலிப்பான வேலை, ஆனால் நிற்பதும் நிற்காததும் இங்கேதான்.

லினக்ஸில் "மல்டிபாத் -எல்எல்" கொடுத்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பாதைகள் வரும். ஓன்டாப்பில் பொதுவாக நேரடிப் பாதைகளுக்கு முன்னுரிமை எண் 50 என்றும், அடுத்த கன்ட்ரோலர் வழியாகச் சுற்றிப் போகும் பாதைகளுக்கு 10 என்றும் இரண்டு குழுவாகத் தெரியவேண்டும். இப்படி இரண்டு குழு காட்டும் பெட்டியில் 50 மட்டும் தெரிந்து 10 இல்லையென்றால் அந்த சர்வர் டேக்ஓவரைத் தாங்காது. விண்டோஸில் எம்பிஐஓ (பல பாதைகளைக் கையாளும் வசதி) போடப்பட்டிருக்கிறதா, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எத்தனை பாதை என்று பாருங்கள். விஎம்வேரில் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் டேட்டாஸ்டோர் வாரியாகப் பாதைகளை எண்ணுங்கள், ஒரு ஹோஸ்ட்டில் 4, பக்கத்து ஹோஸ்ட்டில் 2 என்று வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ஐபி முகவரி ஓடிப்போய் அடுத்த கன்ட்ரோலரில் உட்காரும் வசதி ஃபைல் ஷேருக்குத்தான். ஐஸ்கசி, ஃபைபர் சேனலில் பொதுவாக முகவரி நகராது, சர்வர்தான் பாதை மாறிக்கொள்ளவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் "ஸ்டோரேஜே பார்த்துக்கொள்ளும்" என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

அடுத்தது டைம்அவுட், டிஸ்க் பதில் சொல்ல சர்வர் காத்திருக்கும் நேரம். கன்ட்ரோலர் கை மாறும்போது சில நொடிகள், சில சமயம் அதற்கு மேலும், ஐஓ, அதாவது டிஸ்க்கில் படிப்பதும் எழுதுவதும், நின்றுதான் ஓடும். லினக்ஸில் ஸ்கசி டிஸ்க் டைம்அவுட் சும்மா விட்டால் 30 நொடி, விண்டோஸில் 60. விர்ச்சுவல் மெஷினில் விஎம்வேர் டூல்ஸ் இருந்தால் லினக்ஸில் அது 180 ஆகியிருக்கும், இருந்தாலும் போய்ப் பார்த்துவிடுங்கள், யாரோ டூல்ஸ் போடாமல் விட்ட ஒரு பழைய மெஷின் எப்போதும் ஒன்று இருக்கும்.

லினக்ஸ் பக்கம் ஃபைல் ஷேருக்கான என்எஃப்எஸ் மவுன்ட் எல்லாம் "ஹார்டு" ஆக இருக்கவேண்டும். "சாஃப்ட்" என்று போட்டிருந்தால் ஸ்டோரேஜ் கொஞ்சம் தாமதித்ததும் அப்ளிகேஷனுக்கு எரர் திருப்பிவிடும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். ஹார்டு என்றால் காத்திருந்து தொடரும்.

விண்டோஸ் ஷேரில்தான் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் ஷேர் முறை) சாதாரண ஷேர்களில் டேக்ஓவர் நேரத்தில் இணைப்பு அறுபடும், அறுந்து மறுபடி தானே சேரும். எஸ்எம்பி 3இல் தொடர் இருப்பு வசதி போட்ட ஷேர்கள் மட்டும் தாங்கும், அது ஹைப்பர்-வி, எஸ்க்யூஎல் சர்வர் போன்றவற்றுக்காக வந்தது. கணக்குப் பிரிவில் டேலி டேட்டா ஷேரில் இருக்கிறதென்றால், எக்செல்லை ஷேரிலிருந்தே திறந்து வேலை பார்க்கிறார்கள் என்றால், அவர்களிடம் நேரம் சொல்லி மூடிவைக்கச் சொல்லுங்கள். நிறுத்தாத அப்கிரேட் என்ற பெயருக்காக இதை மறைக்கவேண்டாம். சொல்லிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

நாளும் நேரமும்

எல்லோரும் ராத்திரி என்றதும் தலையாட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது பேக்கப் எப்போது ஓடுகிறது என்பதைத்தான். பல இடத்தில் ராத்திரி 10 மணியிலிருந்து விடியற்காலை வரை டிஸ்க் திணறுவது பேக்கப்பால்தான், பகலில் இருப்பதைவிட லோடு அதிகம். ஒரு வாரத்துக்கான சிபியூ, டிஸ்க் அளவை மணிவாரியாக எடுத்து, 50க்குக் கீழே நிலையாக எந்த மணி நேரம் இருக்கிறது என்று பாருங்கள், ஞாயிறு மதியம் 2 மணி என்று வந்தால் அதுதான் உங்கள் நேரம், கூச்சப்படவேண்டாம். இல்லை ராத்திரிதான் என்றால் அன்றைய பேக்கப்பைத் தள்ளிவையுங்கள், ஆனால் அப்கிரேட்டுக்கு முன் ஒரு பேக்கப் முழுதாக முடிந்திருக்கவேண்டும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒன்று: ஈபி மாதாந்திரப் பராமரிப்பு நாளையும், கோடை மழை இடியோடு வரும் சாயங்காலங்களையும் தவிருங்கள். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடியில் யூபிஎஸ் பேட்டரி எப்படி நடந்துகொள்ளும் என்று அப்கிரேட் நடுவில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? முன்வேலைக்கு அரை மணி, ஒரு ஜோடிக்கு ஒரு மணி, பின்வேலைக்கு அரை மணி என்று ஆவணம் சொல்கிறது. நான் இரண்டு ஜோடிக்கு மேல் இல்லாத இடத்திலும் நான்கு மணி நேரம் வாங்கிவைப்பேன். அவசரமாகச் செய்தால் படிக்காமல் "ஆம்" அழுத்திவிடுவோம்.

டிசாஸ்டர் ரெகவரிக்கு வேறு ஊரில் இன்னொரு பெட்டி இருந்து, அங்கே டேட்டாவை நகலெடுக்கும் ஸ்னாப்மிரர் ஓடுகிறதென்றால் முதலில் அந்தப் பெட்டியை, அதாவது நகலை வாங்கும் பக்கத்தை, அப்கிரேட் செய்யுங்கள். வரிசை அப்படித்தான். உங்களுக்கு ஒத்திகையும் ஆயிற்று.

அந்த நாள்

புது சாஃப்ட்வேர் பொதியை முந்தின நாளே இறக்கி, செக்சம் (ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்த்து, பெட்டிக்குள் ஏற்றிவிடுங்கள். கட்டளை வழியில் "கிளஸ்டர் இமேஜ் பேக்கேஜ் கெட்", உங்களிடம் ஒரு சின்ன வெப் சர்வர் இருந்தால் போதும். அப்புறம் "கிளஸ்டர் இமேஜ் வாலிடேட்". இது ஒரு பட்டியலைக் கொடுக்கும், எரர் இருந்தால் அப்கிரேட் நகராது, வார்னிங் இருந்தால் நகரும். வார்னிங்தானே என்று தாண்டாதீர்கள், ஒவ்வொன்றையும் படித்து இது நமக்குப் பொருந்துமா இல்லையா என்று எழுதிவையுங்கள். உங்கள் வெர்ஷனிலிருந்து நேராகப் போகலாமா, நடுவில் ஒரு வெர்ஷனில் இறங்கிப் போகவேண்டுமா என்பதை முன்கூட்டியே நெட்ஆப்பின் அப்கிரேட் அட்வைசரில் பார்த்திருக்கவேண்டும். சப்போர்ட் கான்ட்ராக்ட் இருந்தால் அது உங்கள் பெட்டியின் சீரியல் எண்ணுக்கே திட்டம் போட்டுத் தரும்.

தொடங்கும் முன் நான் பார்ப்பவை: "ஸ்டோரேஜ் ஃபெயில்ஓவர் ஷோ" கொடுத்தால் இரண்டு பக்கமும் டேக்ஓவர் சாத்தியம் என்று வரவேண்டும். "கிளஸ்டர் ஷோ"வில் எல்லா கன்ட்ரோலரும் நலம் என்று இருக்கவேண்டும். எந்த டிஸ்க்கும் ரீபில்ட் ஆகிக்கொண்டிருக்கக்கூடாது, இருந்தால் முடியும் வரை காத்திருங்கள், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ரூட் வால்யூமில் (பெட்டியின் சொந்த ஃபைல்கள் இருக்கும் இடம்) இடம் இருக்கிறதா. நேரம் சரியா, ஏனென்றால் கெர்பரோஸில் (விண்டோஸ் டொமைன் லாகின் முறை) ஐந்து நிமிடத்துக்கு மேல் கடிகாரம் விலகினால் விண்டோஸ் லாகின் வேலை செய்யாது, அதை அப்கிரேட்டின் தலையில் கட்டி இரண்டு மணி நேரம் தேடுவீர்கள். இவற்றின் வெளியீட்டை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள், "முன்" என்று பெயர் வையுங்கள்.

இரண்டு கன்ட்ரோலரின் சர்வீஸ் பிராசஸருக்கும் (கன்ட்ரோலர் நின்றாலும் வேலை செய்யும் தனிச் சிறு கணினி) தனித்தனியாக உள்ளே போய் கன்சோலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் பூட் ஆகும்போது என்ன நடக்கிறது என்று தெரிய அதுதான் வழி. அப்புறம் ஆட்டோசப்போர்ட்டில், அதாவது பெட்டி தானாக நெட்ஆப்புக்குச் சேதி அனுப்பும் வசதியில், "மெயின்ட்=4எச்" (4 மணி நேரப் பராமரிப்பு) என்று செய்தி அனுப்புங்கள். டேக்ஓவர் நடந்ததும் சப்போர்ட்டில் தானாகக் கேஸ் திறந்து, ராத்திரி யாராவது உங்களுக்குப் போன் செய்வதை அது தடுக்கும். உங்கள் மானிட்டரிங்கிலும் இந்தப் பெட்டிக்கு மட்டும் பராமரிப்பு நேரம் போடுங்கள். எல்லாவற்றையும் மவுனமாக்காதீர்கள், சர்வர் அலர்ட்டும் யூபிஎஸ் அலர்ட்டும் வந்துகொண்டே இருக்கவேண்டும்.

ஒரு சின்ன வேலை, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு டெஸ்ட் மெஷினில் நொடிக்கு ஒரு முறை நேரத்தை ஒரு ஃபைலில் எழுதும் மூன்று வரி ஸ்கிரிப்ட் ஓடவிடுங்கள், அந்த ஃபைல் அப்கிரேட் ஆகும் ஸ்டோரேஜில் இருக்கவேண்டும். மறுநாள் யார் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டாலும் பதில் அதில் இருக்கும். போன முறை எனக்கு 14:14:07க்கு அடுத்த வரி 14:14:19. பன்னிரண்டு நொடி. இரண்டாவது கன்ட்ரோலருக்கு ஒன்பது.

"கிளஸ்டர் இமேஜ் அப்டேட்" கொடுத்ததும் மற்றது தானாக நடக்கும். "ஷோ அப்டேட் ப்ராக்ரஸ்" கொடுத்து பார்த்துக்கொண்டிருக்கலாம். டேக்ஓவர் ஆகும் அந்த நொடியில் மில் ஸ்க்ரீன் உறையும். எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் சரியாக அப்போது போன் செய்தார்.

"ஏனுங் தம்பி, ஸ்க்ரீன் சித்த நேரம் நின்னுபோச்சுங்களே?"

"அவ்வளவுதானுங்கண்ணா, இப்ப ஓடிரும். சேவ் பட்டனை மறுபடி அழுத்தாம மட்டும் பாத்துக்கங்க."

"அட, வந்துருச்சுங்."

அந்த சேவ் பட்டன் விஷயம் முக்கியம். உறைந்த ஸ்க்ரீனில் நான்கு முறை அழுத்தினால் ஒரே எடை நான்கு தடவை பதிவாகும் அப்ளிகேஷன்கள் இருக்கின்றன. முன்கூட்டியே ஷிஃப்ட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

முதல் கன்ட்ரோலர் எழுந்து கிவ்பேக் ஆனதும் பெட்டி அடுத்ததற்கு உடனே பாயாது, சர்வர்கள் நிலைகொள்ள 8 நிமிடம் காத்திருக்கும். இந்த 8 நிமிடத்தைக் காபிக்குச் செலவழிக்காதீர்கள். உங்களுக்குக் கிடைத்த பொன்னான நேரம் அது: ஒவ்வொரு சர்வரிலும் போய், போன பாதைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவா என்று எண்ணுங்கள். ஒரு சர்வரில் பாதை திரும்பவில்லையென்றால் அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். திரும்பாத பாதையோடு இரண்டாவது டேக்ஓவர் நடந்தால்தான் அந்த சர்வர் விழும். நிறையப் பேர் முதல் பாதி நன்றாகப் போயிற்று என்று நிம்மதியாகி இங்கேதான் விடுகிறார்கள்.

எரர் வந்து தானாக நின்றால் பதறவேண்டாம். ஒரு கன்ட்ரோலர் புதிது, ஒன்று பழையது என்ற நிலையிலும் டேட்டா ஓடிக்கொண்டுதான் இருக்கும். என்ன காரணம் என்று படித்து, சரிசெய்து, "ரெஸ்யூம்". புரியவில்லையென்றால் சப்போர்ட்டைக் கூப்பிடுங்கள், கேஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலப்பு நிலையில் புது வால்யூம் உண்டாக்குவது, எதையாவது இடம் மாற்றுவது எதுவும் வேண்டாம், நாள்கணக்கில் அப்படியே விடவும் கூடாது.

முடிந்தபின்

முன்பு எடுத்த அதே கட்டளைகளை மறுபடி கொடுத்து "பின்" என்று சேமித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வால்யூம், அக்ரிகேட் (டிஸ்க் தொகுப்பு) எல்லாம் ஆன்லைனா, ஐபி முகவரிகள் தங்கள் சொந்த போர்ட்டுக்குத் திரும்பிவிட்டனவா, இல்லையென்றால் "நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ரிவர்ட்". ஸ்னாப்மிரர் ஓடுகிறதா. டிஸ்க் ஃபர்ம்வேர் பின்னணியில் மாறிக்கொண்டிருக்கும், அது தன் பாட்டில் போகட்டும்.

"மெயின்ட்=எண்ட்" அனுப்புங்கள். மானிட்டரிங்கில் போட்ட பராமரிப்பு நேரத்தை எடுத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, அடுத்த மாதம் ஒரு டிஸ்க் செத்தபோது மெயில் வராமல் இருந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

புது வெர்ஷனில் புதிதாக வந்த வசதிகளை உடனே இயக்காதீர்கள், ஒரு வாரமாவது விடுங்கள். பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது அப்கிரேட் போல நிறுத்தாமல் நடக்கும் வேலையாக எப்போதும் இருக்காது, புது வசதிகளை இயக்கிவிட்டால் இன்னும் கடினம்.

தினசரி அலர்ட்டை எப்படி வைத்திருப்பது

அலர்ட் அதிகமாக இருப்பதுதான் பல இடத்தில் பிரச்சினை. எல்லா மட்டமும் எல்லோருக்கும் மெயில் போகும்படி வைத்துவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பிலும் கொட்டினால் இரண்டாவது வாரம் எல்லோரும் மியூட் போட்டிருப்பார்கள். ஓன்டாப்பில் ஈவென்ட் ஃபில்டர் போட்டு மட்டத்தைப் பிரிக்கலாம். என் பிரிவு இப்படி: எமர்ஜென்சியும் அலர்ட்டும் போனுக்கு, அந்த வாரம் யார் முறையோ அவர் ஒருவருக்கு மட்டும். எரர் மெயிலுக்கு, அதைத் தினமும் காலையில் ஒருவர் படிக்கவேண்டும். மற்றதெல்லாம் லாக்குகளைச் சேர்த்துவைக்கும் சிஸ்லாக் சர்வரில் போய்ச் சேரட்டும், தேடும்போது உதவும். பத்துப் பேருக்குப் போகும் அலர்ட்டை "வேறு யாராவது பார்த்திருப்பார்கள்" என்று பத்துப் பேரும் விட்டுவிடுவார்கள்.

அக்னாலெட்ஜ், சப்ரஸ் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அக்னாலெட்ஜ் என்றால் இதை நான் எடுத்துக்கொண்டேன் என்று பொருள். சப்ரஸ் செய்தால் அந்த அலர்ட் சிஸ்டத்தின் உடல்நிலைக் கணக்கிலேயே சேராது, எல்லாம் பச்சையாகத் தெரியும். சப்ரஸ் செய்தவர் பெயர், காரணம், எப்போது எடுப்பது என்ற மூன்றும் எழுதாமல் ஒன்றைக்கூட சப்ரஸ் செய்யவேண்டாம்.

இட அளவு அலர்ட் 95 சதவீதத்தில் "நிரம்பப்போகிறது" என்றும் 98இல் "நிரம்பியது" என்றும் வரும்படி பெட்டியில் இருக்கும். 20 டிபி வால்யூமில் 95 என்றால் இன்னும் ஒரு டிபி மிச்சம், வாரக்கணக்கில் அவகாசம். 200 ஜிபி வால்யூமில் வெறும் 10 ஜிபி, மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் ஓடினால் அரை மணியில் காலி. அதனால் சின்ன வால்யூம்களுக்கு 80இலேயே வரும்படி மாற்றுங்கள், நாளுக்கு எவ்வளவு வளர்கிறது என்று பார்த்து, ஆள் செயல்பட எத்தனை நாள் வேண்டும் என்று கணக்குப் போட்டு எண்ணை வையுங்கள்.

பவர் சப்ளை அலர்ட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். பெட்டியின் இரண்டு பவர் சப்ளையில் ஒன்று யூபிஎஸ்ஸிலும் ஒன்று நேரடி லைனிலும் சொருகியிருக்கும் இடங்கள் இங்கே ஏராளம். கரண்ட் போகும்போதெல்லாம் "பவர் சப்ளை செயலிழப்பு" என்று அலர்ட் வரும், வாரத்துக்கு ஐந்து முறை வந்தால் எல்லோரும் "அது ஈபிதானுங்க" என்று விட்டுவிடுவார்கள். ஒரு நாள் உண்மையாகவே பவர் சப்ளை போயிருக்கும், அதையும் ஈபி கணக்கில் சேர்த்துவிடுவீர்கள், அடுத்த முறை கரண்ட் போகும்போது யூபிஎஸ் பக்கம் இருந்த ஒற்றை சப்ளையும் தடுமாறினால் கதை முடிந்தது. இரண்டையும் இரண்டு தனி யூபிஎஸ்ஸில் சொருகுங்கள், அப்போது வரும் ஒவ்வொரு பவர் அலர்ட்டும் உண்மையான அலர்ட்டாக இருக்கும். அலர்ட்டை அடக்குவதைவிட அது வரும் காரணத்தை எடுப்பதுதான் எப்போதும் மலிவு.

அலர்ட் வரவில்லை என்பதும் ஒரு சேதிதான். மெயில் சர்வரை மாற்றினார்கள், பாஸ்வேர்டு காலாவதியானது, ஃபயர்வாலில் யாரோ போர்ட்டை அடைத்தார்கள், அன்றிலிருந்து பெட்டி ஊமை. ஆட்டோசப்போர்ட்டின் வாராந்திரச் செய்தி இந்த வாரம் போய்ச் சேர்ந்ததா என்று திங்கட்கிழமை காலையில் பாருங்கள். சேரவில்லையென்றால் அதுவே அந்த வாரத்தின் முதல் வேலை.

அடுத்த ஈபி பராமரிப்பு நாள் எப்போது என்று பேப்பரில் வரும். அன்றைக்கு லோடு குறைந்த நேரமாகப் பார்த்து, யூபிஎஸ் இரண்டும் தெம்பாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு பவர் சப்ளையின் கேபிளைக் கையால் கழற்றுங்கள். யார் போனில், எத்தனை நிமிடத்தில் அலர்ட் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் அப்கிரேட் தேதியை இன்னும் குறிக்கவேண்டாம்.